காற்றுக்குக் கொடுத்த மருந்து

பள்ளம் பாத்துப் போங்ணா. பின்னாடி நிக்கிறது வெறும் இரும்பு இல்ல, எங்கம்மா பனியன் தைக்கற ஓவர்லாக் மிஷின். கயிறு நல்லாத்தான் கட்டியிருக்கீங்க, குறை சொல்லல. இருந்தாலும் டேபிள் ஒரு பக்கமா ஆடுது. கண்ணாடியில பாத்துட்டேதான் வர்றேன். ஏத்தும்போது எங்கப்பா என்ன சொன்னார்? "தம்பீ, பதனமாக் கொண்டு போப்பா. ஊசிப் பக்கம் கீது அடிபட்டுச்சுன்னா வாங்கற அந்தம்மா வேண்டாம்னு சொல்லீரும்." எப்படிங்ணா? குரல் அப்படியே இருக்கா? சிரிக்கறீங்க. அப்போ இருக்கு.

எனக்கு எந்தக் குரலும் வரும். எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் மரியசூசை சார் தெரியுமா? தெரியாதா? இப்போ தெரிஞ்சுக்குங்க. "மாணவச் செல்வங்களே! கனமழை காரணமாக இன்று பிற்பகல் பள்ளி விடுமுறை!" ஆபீஸ் ரூம் மைக்கில போய் இதைச் சொன்னேன். வெளிய மண்டையப் பொளக்கற வெயில். ஒருத்தனாவது வானத்தைப் பாத்தானா? பாதி ஸ்கூல் கேட்டைத் தாண்டின பிறகுதான் ஒரிஜினல் சாருக்கே விஷயம் தெரிஞ்சது. தமிழ் டீச்சர் குடையோட போய்ட்டாங்க.

மனுஷக் குரல் மட்டும் இல்லங்ணா. இந்த மிஷின் சத்தமும் வரும். "டர்ர்ர்ர்ர்... டக். டர்ர்ர்ர்ர்ர்." அம்மா கடைக்குப் போயிருக்கும்போது உள்ள உக்காந்து இதைப் பண்ணுவேன். பக்கத்து வீட்டுப் பூங்கொடி பெரியம்மா வாசல்ல நின்னுட்டு, "ஏ சாந்தாமணீ! தண்ணி வந்து நிக்கப் போகுது, மிஷினை நிறுத்தீட்டு வா புள்ள!"ன்னு தொண்டை வத்தக் கத்துவாங்க. அம்மா அவங்களுக்குப் பின்னாடியே பையோட வந்து நின்னு, "ஏனுங்க்கா, யாரக் கூப்பிடறீங்க?"ன்னு கேப்பாங்க. பெரியம்மா துள்ளின துள்ளு இருக்கே.

இந்த மிஷின் ஏன் போகுதுன்னுதானே கேட்டீங்க? சொல்றேன். எல்லாம் ஒரு பெரிய டாக்டரோட புண்ணியம். டாக்டர் இளங்கீரன். நெஞ்சு டாக்டர். பேருக்குப் பின்னாடி எழுத்து எழுத்தாப் போட்டு போர்டே பத்தாம பக்கத்துச் செவுத்துக்குப் போயிருக்கும். அத்தனை படிச்ச மனுஷன் கடைசியில கண்டுபிடிச்சது, தப்பெல்லாம் இந்த மிஷின் மேலதான்னு.

எனக்கு வீசிங். ஓடினா மூச்சு இளைக்கும், சிரிச்சா இருமல் வரும், குளிர் வந்தா நெஞ்சுக்குள்ள பூனை படுத்துட்டு முனகற மாதிரி ஒரு விசில். போன வருஷம் கபடி கிரவுண்டுல மூச்சுப் புடிக்க முடியாம உக்காந்துட்டேன். அம்மா இவர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. அவர் பேசறதே ஒரு தினுசு, ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுக் குடுப்பார். "பா...ருங்கம்மா. பையனுக்கு ஆஸ்துமா. மூச்சுக்குழாய்க்குள்ள வீக்கம் இருக்கு. இந்த நீல பம்பு, குழாயை அந்த நேரத்துக்குத் திறந்து விடும். அவ்வளவுதான் அதோட வேலை. வீக்கத்தைக் குறைக்கிறது இந்த ஆரஞ்சு. இதைக் காலையும் சாயங்காலமும் எடுக்கணும். நல்லா இருக்கிற நாள்லயும் எடுக்கணும்."

கேட்டீங்களா? நல்லா இருக்கற நாள்ல மருந்து! மழையே இல்லாத நாள்ல குடையைப் புடிச்சுட்டு நடங்கற மாதிரி. எங்க தமிழ் டீச்சர் வேணும்னா கேப்பாங்க. நான் கேப்பனா?

நீலத்துல விஷயம் இருக்குங்ணா. ரெண்டு அமுக்கு, உள்ள கதவு தொறக்கறது உங்களுக்கே தெரியும். ஆரஞ்சு இருக்கே, அது சும்மா ஒரு புஸ்ஸு. இன்னைக்கு இழுத்தாலும் ஒண்ணும் தெரியாது, நாளைக்கு இழுத்தாலும் தெரியாது. கேட்டா, "மெ...துவாத்தான் வேலை செய்யும் தம்பி. விடாம எடுக்கணும்." எங்க வார்டு கவுன்சிலரும் ரோட்டைப் பத்தி இதையேதான் சொல்றார்.

இதுல பூங்கொடி பெரியம்மா வேற. ஆரஞ்சு டப்பாவைக் கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்து, "ஐயோ சாமி! இது ஸ்டீராய்டு புள்ள! என்ற கொழுந்தனார் மவன் ஜிம்முக்குப் போயி இதத்தான் போட்டானாமா. மூஞ்சி பூரியாட்டம் ஊதிப் போச்சு. எலும்பெல்லாம் பொரியாப் போயிருமாமா!" அன்னைக்கு எங்க வீட்டுல பூரிதான் டிபன். அம்மா பூரியைப் பாக்கறாங்க, என் மூஞ்சியப் பாக்கறாங்க, பூரியைப் பாக்கறாங்க.

அடுத்த தடவை டாக்டர்கிட்டயே கேட்டாங்க. அவர் பொறுமையாச் சொன்னார். "அது வேற கதைம்மா. மாத்திரையா, ஊசியா ரொம்ப நாள் எடுத்தா அப்படி ஆகலாம். இது ரொம்பச் சின்ன அளவு, நேரா நுரையீரலுக்குப் போறது. எடுத்ததும் வாயைக் கொப்புளிச்சுத் துப்பச் சொல்லுங்க. இல்லைன்னா தொண்டை கட்டும், வாய்ப்புண்ணு வரும். அதுக்குத்தான் இந்த ஸ்பேசரையும் குடுக்கறேன்." அம்மா தலையாட்டினாங்க. ஆனா பூரி போகல. மனசுக்குள்ளயே இருந்தது.

ஸ்பேசர்னா என்னன்னா, ஒரு பிளாஸ்டிக் கூடு, தண்ணி பாட்டில் கணக்கா. ஒரு முனையில பம்பைச் சொருகி மறு முனையில வாய் வச்சு இழுக்கணும். எனக்கு அது நல்லா உபயோகப்பட்டது. பஸ் ஸ்டாண்டுல வாயில வச்சு, "தாராபுரம் தாராபுரம் தாராபுரோம்! பாயிண்டு டு பாயிண்டே!" பாவம், ஒரு குடும்பமே மூட்டையைத் தூக்கிட்டு ஓடி வந்தது. நான் எதிர்ப்பக்கமா ஓடினேன். ஸ்பேசர் கை தவறி நிஜ தாராபுரம் பஸ்ஸோட சக்கரத்துக்கு அடியில போச்சு. அம்மாகிட்ட, "இனிமே கூடு வேண்டாம்னு டாக்டர் சொல்லீட்டார்"னேன். டாக்டர்கிட்ட, "கூடு வீட்டுல இருக்குங் சார்"னேன். ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

இந்தப் பக்கம்தாங்ணா, பூலுவபட்டி தாண்டி நேரா. ஆமா.

அப்புறம் என்ன ஆச்சு, ஆண்டு விழா வந்தது. பதினஞ்சு நிமிஷம் எனக்கு மட்டும் மேடை. முழுக்க மிமிக்ரி. மரியசூசை சார் முன் வரிசையில உக்காந்திருக்க, அவர் குரல்லயே வரவேற்புரை. இந்த நேரம் பாத்து என் தொண்டை போச்சு. சார் குரலைக் கூப்பிட்டா டீசல் தீர்ந்த லாரி வருது. பெரியம்மா குரலைக் கூப்பிட்டாலும் அதே லாரி. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எல்லாம் அந்த ஆரஞ்சு டப்பா வேலை.

கொப்புளிச்சயான்னு கேக்கறீங்களா? நீங்களும் டாக்டர் ஆயிட்டீங்க. காலங்காத்தால ஜில்லுத் தண்ணியில எவன் கொப்புளிப்பான்?

மூச்சா, குரலான்னு யோசிச்சேன். மூச்சு எல்லாருக்கும்தான் இருக்கு. குரல் எனக்கு மட்டும்தான் இருக்கு. ஆரஞ்சை நிறுத்தீரலாம்னு முடிவு பண்ணினேன். ஆனா அம்மா விடணுமே. ரெண்டு வேளையும் மிஷினை நிறுத்திட்டு எதுக்க வந்து நின்னு பாப்பாங்க. போதாததுக்கு டப்பாவுக்குப் பின்னாடி எண்ணு ஓடும், அமுக்க அமுக்கக் குறையும். டாக்டர் அதைப் பாத்துத்தான் கணக்கெடுப்பார். ரெண்டு போலீஸ், ஒரு திருடன்.

இப்போ பாருங்க கலையை. பம்பைக் குலுக்குவேன். மூச்சை முழுசா வெளிய விடுவேன். வாய்கிட்டக் கொண்டு போவேன். அமுக்கற நொடியில உதட்டை இத்தனூண்டு ஒதுக்கிருவேன். மருந்து கன்னத்து ஓரமாப் போயிரும். அப்புறம் நெஞ்சைத் தூக்கறேன், கண்ணை மூடறேன், மூச்சைப் புடிக்கறேன், மெதுவா விடறேன். கடைசியில போய் வாயைக் கொப்புளிச்சுத் துப்பறேன். இதைக் கவனிங்ணா. மருந்து போட்ட காலத்துல ஒரு நாள் கொப்புளிக்கல, மருந்து போடாத காலத்துல ஒரு நாள் தவறல. அம்மாவும் நம்பினாங்க, எண்ணும் ஒழுங்காக் குறைஞ்சது. மருந்தெல்லாம் காத்துக்குத்தான். எங்க வீட்டுச் செவுத்துப் பல்லிக்கு இந்த ஜென்மத்துல வீசிங் வராது.

இதுல பெரிய கூத்து என்னன்னா, கிளினிக்ல அவார்டே குடுத்தாங்க! "எங்க தம்பி, எப்படி எடுக்கறே, காட்டு?"ன்னாங்க ஸ்டெல்லா சிஸ்டர். பண்ணிக் காட்டினேன். சிஸ்டர் கன்னத்துல கை வச்சுட்டாங்க. "டாக்டர், இங்க வந்து பாருங்களேன்! நம்ம பேஷண்ட்ல ஒருத்தர்கூட இவ்வளவு சுத்தமா எடுக்கறதில்ல!" டாக்டர் வந்தார், பாத்தார். "வெ...ரி குட்." வெளிய காத்திருந்தவங்க எல்லாரையும் கூப்பிட்டு என்னை நடுவுல நிறுத்தி, காலி டப்பாவைக் குடுத்து செஞ்சு காட்டச் சொன்னாங்க. ஒரு மில்லுக்காரர் கைதட்டினார். அம்மா முகத்தப் பாக்கணுமே! பரிட்சையில நான் வாங்காத பேரையெல்லாம் மூச்சுல வாங்கிட்டேன். பஸ்ஸுல வரும்போது பக்கத்து சீட்டு அம்மாகிட்ட, "என்ற பையன் அத்தன பேருக்கும் சொல்லிக் குடுத்தானுங்க"ன்னாங்க.

குரல் திரும்ப வந்தது. ஆண்டு விழாவுல மரியசூசை சாரே கண்ணைத் தொடைச்சுட்டுச் சிரிச்சார். விசில் பறந்தது. வெளிய ஒரு பக்கம் விசில், நெஞ்சுக்குள்ள ஒரு பக்கம் விசில். ஐட்டத்துக்கு நடுவுல திரும்பி நின்னு நீலத்தை ரெண்டு இழுப்பு. அதுவும் மிமிக்ரின்னு நினைச்சுட்டு அதுக்கும் கைதட்டினானுங்க.

அதுக்கப்புறம் கொஞ்சம் படுத்தியெடுத்ததுங்ணா, மறைக்க மாட்டேன். மாடிப் படி ஏறினா இளைக்கும். படுத்தா இருமல். நீலம் எப்பவும் பாக்கெட்டுல. பரவால்ல, பனிக் காலம்னா எல்லாருக்கும் அப்படித்தான். ஆரஞ்சு போட்டப்போ நல்லா இருந்ததேன்னு கேக்காதீங்க, அப்போ வெயில் காலம்.

ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்தவன் வாசப்படியிலயே உக்காந்துட்டேன். நீலம் இழுத்தேன், கேக்கல. திரும்ப இழுத்தேன், கேக்கல. அம்மான்னு கூப்பிடக் காத்து இல்ல. உள்ள மிஷின் ஓடிட்டு இருக்கு. டர்ர்ர்ர். அதுவே டக்குனு நின்னது. எப்படித் தெரிஞ்சதோ, அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க. பெரியம்மாவோட ஸ்கூட்டியில என்னை நடுவுல உக்கார வச்சு ரெண்டு பேரும் கொண்டு போனாங்க. பெரியம்மா வழியெல்லாம், "மாகாளியாத்தா, மாகாளியாத்தா, ஏனுங்க கொஞ்சம் வழி விடுங்க, மாகாளியாத்தா." ஹாரன் அடிக்கவே தேவைப்படல. மூச்சு இருந்திருந்தா அங்கயே பண்ணிக் காட்டியிருப்பேன்.

மூஞ்சியில மாஸ்க் போட்டு மருந்துப் புகை விட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா உசிர் வந்தது. டாக்டர் வந்து ஆரஞ்சு டப்பாவை வாங்கி எண்ணைப் பாத்தார். சரியா இருந்தது. "எப்படி எடுக்கறே?"ன்னார். அந்த நிலைமையிலயும் பிசகில்லாம பண்ணிக் காட்டினேன். கலைஞன்னா அப்படித்தான். அவர் நெத்தியத் தேய்ச்சுட்டு, "எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் ஏன் இப்படி?"ன்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டார்.

அப்புறம் அவர் கண்ணு அம்மா சேலையில போய் நின்னது. முந்தானை பூரா நீலப் பஞ்சு. தலையில, புருவத்துலகூட நீலப் பஞ்சு. அன்னைக்கு நீலக் கலர் பீஸ். பாதி பனியன் மிஷின்லயே கிடக்க ஓடி வந்திருக்காங்க.

"என்ன வேலைம்மா பண்றீங்க?"

அம்மா சொன்னாங்க.

"வீட்டுக்குள்ளயா? பையன் தூங்கற ரூம்லயா?"

எங்களுக்கு இருக்கறதே ஒரு ரூம்தான்னு அம்மா எப்படிச் சொல்லுவாங்க? தலையாட்டினாங்க.

"பா...ருங்கம்மா. மருந்தை ஒழுங்கா எடுத்தும் இப்படின்னா ரெண்டு வழிதான். ஒண்ணு, ஸ்டீராய்டோட அளவை ஏத்தணும். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல, ஏத்தலாம். இல்லைன்னா இந்தப் பஞ்சுத் தூசி இல்லாம கொஞ்ச நாள் பாக்கணும். மிஷினை வேற எங்கயாவது வைக்க முடியுமா?"

அவர் 'ஏத்தணும்'னாரா, அம்மாவுக்கு பூரி ஞாபகம் வந்திருச்சு. எனக்கு நல்லாவே தெரிஞ்சது. என் மூஞ்சியப் பாத்தாங்க. முந்தானையில இருந்த பஞ்சை ஒண்ணொண்ணா எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டாங்க. அப்புறம், "சரிங்க"ன்னாங்க. அவ்வளவுதான்.

பாத்தீங்களா நியாயத்தை! அப்பா கம்பெனி பூட்டிக் கிடந்த காலத்துல எங்க வீட்டை ஓட்டினது இந்த மிஷின்தான். ஆயுத பூஜைக்கு அப்பா பைக்குக்கு ஒரு முழம் பூன்னா இதுக்கு ரெண்டு முழம். அம்மா யார்கிட்டயும் போய் நின்னு கத்துக்கல. பழைய பனியனைப் பிரிச்சுப் பிரிச்சுத் தானே தச்சுப் பழகினாங்க. இனிமே பனியன் கம்பெனிக்குப் போறாங்களாம், செக்கிங் வேலைக்கு. நாள் பூரா நின்னுட்டே பீஸைத் திருப்பித் திருப்பிப் பாக்கற வேலை. அவங்களுக்கு முட்டி வலி வேற. இத்தனையும் எதுனால? அத்தனை எழுத்துப் படிச்சவரோட ஒரு வாய் வார்த்தையால. நெஞ்சு டாக்டருக்கு மிஷினைப் பத்தி என்னங்ணா தெரியும்?

இந்த மெத்தையா? மடியில வச்சிருக்கறதக் கேக்கறீங்களா? ஸ்டூல்ல போடறது. அம்மா கட்டிங் வேஸ்ட் துணியைத் திணிச்சு அவங்களே தச்சது. மிஷினை ஏத்திட்டு நீங்க கயிறு கட்டிட்டு இருந்தீங்கல்ல, அப்போ கொண்டாந்து குடுத்தாங்க. இது விலை பேசினதுல சேத்தி இல்லையாம், இருந்தாலும் போகட்டுமாம். புதுசா உக்கார்றவங்களுக்கு இடுப்பு புடிச்சுக்குமாம். காலையில ஊசியக் கழட்டித் துணியில சுத்தி, எண்ணெய் விட்டு, துணியை நகத்தற பல்லு இடுக்குல இருந்த பஞ்சையெல்லாம் பழைய டூத் பிரஷ்ல எடுத்தாங்க. விக்கப் போற மிஷினுக்கு எதுக்கு இத்தனை? அப்பாவும் அதத்தான் கேட்டார். "என்ன சாந்தாமணி, பொண்ணக் கட்டிக் குடுக்கறாப்பல பண்றே?" அம்மா இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டாங்க.

அதாங்ணா எனக்கு மண்டை காயுது. அத்தனை பேர் குரலும் வருது, அம்மாவோட அந்த 'சரிங்க' மட்டும் வர மாட்டேங்குது. அன்னைக்கு இருந்து பாத்ரூம்ல நின்னு பண்ணிப் பாக்கறேன். "சரிங்க." இல்ல. "சரீங்க." இது பெரியம்மா. "சரிங்..." ம்ஹூம். அதுல சத்தமே இருக்காதுங்ணா. வெறும் காத்துதான்.

ஒரு நிமிஷம் இருங்ணா. முன்னாடி லாரிப் புகை. நீலத்தை எடுத்துக்கறேன்.

ம். சரியாப் போச்சு.

என்ன கேட்டீங்க? ஆரஞ்சை அப்போ இருந்து இழுக்கவே இல்லையான்னா? அதான் சொன்னனேங்ணா. காத்துக்கு. டாக்டருக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா அது மிமிக்ரியா?

அம்மாவுக்கா? அம்மாவுக்கு எப்படி...

ஏங்ணா என்னையே பாக்கறீங்க, ரோட்டைப் பாருங்க. இப்போ ஏன் சிரிக்க மாட்டேங்கறீங்க? பல்லி ஜோக்குக்கு நல்லாத்தானே சிரிச்சீங்க. அதுக்கும் மிஷினுக்கும் என்னங்ணா சம்பந்தம்? டாக்டர்தான் மிஷின்னு சொன்னார். நானா சொன்னேன்? எண்ணு சரியா இருக்கு, இழுக்கறது சரியா இருக்கு, அப்போ பஞ்சாத்தான் இருக்கணும்னு அவர்தான்... எண்ணு சரியா இருக்கு, அதனாலதான்னு அவர்...

அண்ணா, எதுக்கு இண்டிகேட்டர் போடறீங்க? பெருமாநல்லூர் நேராப் போகணும். பைக்ல முன்னாடியே போன அப்பா அங்க நிப்பார். அந்தம்மா ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க, காத்திருப்பாங்க. ஓரங்கட்டாதீங்ணா. போனை எதுக்கு நீட்டறீங்க? அப்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? யார் குரல்ல சொல்லட்டும்? டாக்டர் குரல்லயே சொல்லீர்றனே, ஒரே நிமிஷத்துல முடிஞ்சிரும், "பா...ருங்க"ன்னு... வேண்டாமா.

இல்ல, சொல்றேன். அப்பாகிட்ட இல்ல. முதல்ல அம்மாகிட்டயா?

சரிங்க.

அண்ணா! கேட்டீங்களா? இதாங்ணா, இதேதான். அம்மா அன்னைக்கு டாக்டர்கிட்டச் சொன்னது. எப்படி வந்துது? நான் பண்ணவே இல்லையே.

திரும்பவா? வேண்டாங்ணா.

வண்டியைத் திருப்புங்க. பள்ளம் பாத்து. டேபிள் ஆடுது.